எண்ணெய் போட்ட மெஷினும் ஒன்பதாவது பாட்டும்

என் மருமகள் தையல்காரி. துணி தைத்துக்கொண்டே நாட்டுப்பாட்டு பாடுவாள். குரல் தெருமுனை வரைக்கும் போகும். தாளத்துக்கு மேளம் கிடையாது. அவளுடைய பழைய கால்மிதி மெஷின்தான். அது கடக்-கட், கடக்-கட் என்று கத்தினால்தான் இவளுக்குப் பாட்டு வரும்.

"மெஷினைத் தூக்கி ஓரமா வைம்மா, டிரம் போட்டுக்கலாம்" என்று சொல்லாத ஆளில்லை.

"அப்போ ஆளை விடுங்க" என்பாள்.

ஒரே ஒரு ஒலிப்பதிவுக்காரத் தம்பிதான் ஒத்துக்கொண்டு, மைக்கோடு வீட்டுக்கே வந்தார். எட்டுப் பாட்டு முடிந்தது. இன்னும் ஒன்று முடிந்தால் அவளுடைய முதல் ஆல்பம் தயார். அதற்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி; மறுநாள் தம்பிக்கு வெளியூர் வேலை.

நான் சைக்கிள் கடைக்காரன். எண்ணெய்க் குப்பியை எடுத்தால் கை சும்மா இருக்காது. அன்று காலை மருமகள், "மாமா, தொட்டில் ஸ்பிரிங் ரொம்பக் கத்துது, கொஞ்சம் எண்ணெய் விடுங்க" என்றாள். போய்ப் பார்த்தால் தொட்டிலில் என் பேத்தி. மூன்று மாதம்தான் ஆகிறது, தூக்கத்தில் என்னமாய்ச் சிரிக்கிறாள்! எழுப்ப மனசு வருமா? எடுத்த குப்பியை வைப்பானேன் என்று தையல் மெஷினுக்கு விட்டேன். சக்கரம், அச்சு, மிதி, ஒன்று பாக்கியில்லை.

மத்தியானம் தம்பி ஹெட்போனை மாட்டினார். மருமகள் மிதித்தாள். மெஷின் பூனை மாதிரி சத்தமே இல்லாமல் ஓடியது.

"இதுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"வழவழன்னு ஓடுதில்ல? நான்தாம்மா எண்ணெய் விட்டேன்" என்றேன் பெருமையாக.

"ஐயோ மாமா! தொட்டிலுக்குத்தானே சொன்னேன்!"

"பாப்பா தூங்கிட்டிருந்தாளேம்மா..."

தம்பி தயங்கித் தயங்கி, "அக்கா, இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் டிரம்..." என்றார். மருமகள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பேத்தி சிணுங்கினாள். அங்கே நிற்க முகமில்லாமல் உள்ளே ஓடித் தொட்டிலை ஆட்டினேன். கிரீச்-டொக். கிரீச்-டொக்.

"அக்கா, இதைக் கேளுங்களேன்!" தம்பி மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். மருமகள் பின்னாலேயே வந்தாள்.

"மாமா, இதே வேகம். கூட்டாதீங்க, குறைக்காதீங்க. கெடுத்தது நீங்கதானே, ஆட்டுங்க!"

பாடத் தொடங்கினாள். சத்தம் கூடினால் குழந்தை எழுந்துவிடும். அதனால் தெருமுனைக்குப் போகிற குரல் தொட்டிலோடு நின்றது. அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது அவளுக்கே தெரியாது. என் தோள்பட்டை கழன்றுவிட்டது. பேத்தியோ அசையவே இல்லை.

ஆல்பம் வந்துவிட்டது. உறையில் போட்டிருக்கிறார்கள்: பாட்டும் மெஷினும் மருமகள், ஒன்பதாவது பாட்டுக்குத் தொட்டில் மாமா. கேட்டவர்கள் எல்லாம் அந்தப் பாட்டைத்தான் இன்னொரு தரம் போடச் சொல்கிறார்கள்.

மெஷின் மறுபடி கத்த ஆரம்பிக்க இரண்டு மாதம் ஆனது. என் எண்ணெய்க் குப்பி இப்போது மருமகளின் பீரோவுக்குள் இருக்கிறது. சாவி அவள் இடுப்பில்.