கரண்டு சாமி இருந்த ஓடைக்கு, மைசூரிலிருந்து

இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மாதேஸ்வரன் மலைக்கு எந்த பஸ், எங்கே தங்கலாம் என்று தேடித்தான் வருவீர்கள். இந்த முறையும் அதே வழிதான், ஆனால் சாமி கும்பிடப் போகவில்லை. போன தை மாதம், பொங்கல் முடிந்த வாரத்தில், என் அண்ணன் பாதியில் விட்டுப்போன ஒரு விண்ணப்பத்துக்காக அண்ணியோடு மைசூரிலிருந்து கோபிநத்தம் பக்கம் போனேன். சிறு நீர்மின் திட்டத்துக்கு அனுமதி கேட்டு அலைகிற யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்கும் மனசு ஆறாது.

அண்ணன் பழனிசாமிக்குக் கோபிநத்தத்துக்குச் சற்று முன்னால், காட்டோரத்தில் மூன்று ஏக்கர் நிலம். சுற்றிலும் எட்டு வீடுகள். காட்டு வழியாகக் கம்பம் நட அனுமதி கிடைக்காததால் அங்கே கரண்ட் இல்லை. சோலார் விளக்கு மூட்டம் போட்ட நாளில் கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுப் படுத்துவிடும். அண்ணனின் நிலத்துக்குள் ஓர் ஓடை இறங்குகிறது. அதன் குறுக்கே இடுப்பளவுச் சுவர், அங்கிருந்து குழாய், கீழே ஒரு சின்ன டர்பைன். எட்டு வீட்டுக்கும் விளக்கெரிய அது போதும் என்று அவர் மூன்று வருஷம் அலைந்தார். போன ஆடியில், இருட்டில் மாட்டைப் பார்க்கப் போனவர் கட்டுவிரியனை மிதித்துவிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விளக்குக்காக அலைந்த மனுஷன் இருட்டில் போனார். இதை எழுதும்போதும் யார்மேல் என்று தெரியாமல் கோபம் வருகிறது.

இனி காகித விஷயம். நிலம் உங்களுடையது என்பதால் அதில் ஓடும் தண்ணீரும் உங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் எடுக்க நீர்ப்பாசனத் துறையின் அனுமதி வேண்டும். காட்டோரம் என்றால் வனத்துறையின் கருத்து வேண்டும். நில வரைபடம், கிராமப் பஞ்சாயத்தின் தடையில்லாச் சான்று, கோடையில் ஓடை எவ்வளவு மெலிகிறது என்ற அளவு, எல்லாம் கட்டி முடித்த பிறகு மின் ஆய்வாளரின் பாதுகாப்புச் சான்று. ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையின் தாளை முதலில் கேட்கும். அண்ணன் இத்தனையும் சேர்த்துவிட்டார். பாக்கி இருந்தது இடத்தை நேரில் பார்க்கும் ஆய்வு மட்டும்தான். அவர் போனதும் விண்ணப்பத்தை அண்ணி சரோஜா பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்று, பிரமாணப் பத்திரம் என்று மறுபடியும் ஒரு சுற்று வந்தது. அதற்காகத்தான் அண்ணி மைசூரில் என் வீட்டில் வந்து தங்கியிருந்தார். ஆய்வு நாள் குறித்துக் கொடுத்தார்கள். விண்ணப்பதாரர் நேரில் இருந்தே ஆகவேண்டும் என்றார்கள்.

முந்தின நாள் காலை ஆறு மணிக்கு மைசூர் பஸ் நிலையத்தில் ஏறினோம். கொள்ளேகால் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். மலைக்கு நேரடி பஸ்ஸும் உண்டு. ஆனால் கொள்ளேகாலில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவது வயிற்றுக்கு நல்லது, மேலே கொண்டை ஊசி வளைவுகள் நிறைய. கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் இலவசம், ஆதாரைக் காட்டினால் போதும். நான் என்னுடையதைக் காட்டினேன். அண்ணி மடியிலிருந்த ஃபைலைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினார். கண்டக்டர் வாங்கிப் பார்த்தார்.

“அம்மா, இது கண்டஸ்ரது. நிம்து தோர்ஸி.”

இது ஆம்பளையுடையது, உங்களுடையதைக் காட்டுங்கள் என்கிறார். அண்ணனின் ஆதார். அண்ணி அதை வாங்கி, முந்தானையில் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்தார். கொள்ளேகால் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொள்ளேகால் பஸ் நிலையத்துக்கு எதிரே தட்டு இட்லி நன்றாக இருக்கும். நீங்கள் எந்த மொழியில் கேட்டாலும் அதே மொழியில் பதில் வரும். அங்கிருந்து ஹனூர் வழியாக மலைக்கு மூன்று மணி நேரம் ஆகும். மலையில் இறங்கி, பாலாறு வழியாகக் கோபிநத்தம் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே நிச்சயமாகத் தெரியாது. எங்களுக்கு ஒரு மணிக்குக் கிடைத்தது. யானை நடமாட்டம் உள்ள சாலை, சொந்த வண்டியில் போகிறவர்கள் பொழுதோடு போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

மறுநாள் காலை ஓடைக்குப் போனபோதுதான் நான் அதைப் பார்த்தேன்.

எங்கள் வழக்கத்தில் கருமாதி அன்று தண்ணீர்க் கரையில் ஒரு கல்லை நட்டு, போனவரை அதில் நினைத்துப் படைப்பார்கள். சடங்கு முடிந்ததும் அன்றைக்கே கல்லைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அண்ணனின் கல்லை அண்ணி விடவில்லை. இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் என்றாராம். பெரியவர்களும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வற்புறுத்தவில்லை. ரெண்டு நாள் ஆறு மாதம் ஆகிவிட்டது. அமாவாசைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார். போகிற வருகிறவர்களும் ஆளுக்கொரு பூவைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதற்குக் கரண்டு சாமி என்று பெயரே வைத்துவிட்டார்கள். கல் நின்றது, வரைபடத்தில் அண்ணன் சுவருக்குக் குறித்திருந்த அதே பாறை மேல்.

பத்தரை மணிக்கு ஆய்வுக்காக ஜீப்பில் நீர்ப்பாசனத் துறைப் பொறியாளர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், கன்னடக்காரர், தமிழ் ஓரளவு பேசினார். வரைபடத்தை விரித்தார், பாறையைப் பார்த்தார், மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தார்.

“இது யாவ தேவரு?” என்று கேட்டார். எந்தச் சாமி என்று.

அண்ணி கல்லின் மேல் கிடந்த சருகை எடுத்துப் போட்டார். பிறகு, “சாமியில்லீங்க. என்ற ஊட்டுக்காரருங்க” என்றார்.

பொறியாளர் தொப்பியைக் கழற்றினார். தமிழிலேயே மெதுவாகச் சொன்னார். “அம்மா, பஞ்சாயத்து சர்ட்டிபிகேட்ல இந்த ஜாகால கோயில் இல்ல, சமாதி இல்லன்னு இருக்கு. இங்க மஞ்சள் குங்குமம் இருக்கு. நான் எழுதினா ஃபைல் திரும்பப் போகும். ஊர்ல ஹியரிங் வெப்பாங்க. எஷ்டு வருஷ ஆகுதோ தெரியாது.” எத்தனை வருஷம் ஆகுமோ என்கிறார்.

“செவுத்தைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கலாமுங்களா?” என்று அண்ணி கேட்டார்.

“தண்ணி விழற மட்டம் மாறும். மட்டம் மாறினா வரைபடம், அளவு எல்லாம் புதுசு. முதல்ல இருந்து வரணும்.”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன். எட்டு வீட்டின் விளக்கு ஒரு பக்கம், என் அண்ணன் ஒரு பக்கம். அந்த மனுஷன் உயிரோடிருந்தால் எதைச் சொல்லியிருப்பார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பொறியாளர் பேனாவை மூடினார். “நான் ஜீப்ல டீ குடிச்சிட்டு வர்றேன். அரை மணி ஆகும்” என்றார். அந்தக் காட்டில் டீக்கு எங்கே போவார்? சும்மா ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

பக்கத்து வீட்டு ரங்கசாமி, “நான் எடுத்துப் போடறனுங்கக்கா, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க” என்றார்.

“வேண்டாம் ரங்கசாமி. நட்ட அன்னிக்கே விட்டிருக்கோணும். நாந்தான் பிடிச்சு வெச்சுட்டேன்.”

அண்ணி பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓடையில் விட்டார். கல்லை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, மணலை அள்ளி அள்ளித் தேய்த்தார். மஞ்சள் சீக்கிரம் போய்விட்டது. எண்ணெயோடு ஊறிய குங்குமம் போகவில்லை. நானும் இறங்கித் தேய்த்தேன். “எண்ணெய் தேய்ச்சுவிடற நாளெல்லாம் இந்தாளு ஒரு நிமிஷம் உக்கார மாட்டாரு” என்று அண்ணி சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிவிட்டது. நானும் அழுதேன். கல் வெறும் கல்லான பிறகு அதை ஓடைக்குள் மற்ற கற்களோடு போட்டார். கலங்கிய தண்ணீர் தெளிந்ததும் இருவருமே குனிந்து தேடினோம்.

“எது அவருன்னு தெரியலியே அம்மிணி” என்றார் அண்ணி என்னிடம்.

பொறியாளர் திரும்பி வந்து பாறையை அளந்தார், படம் எடுத்தார், எழுதினார். எழுதியதைக் கன்னடத்தில் படித்துக் காட்டிவிட்டு, அண்ணியைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த இடத்தில் பாறையும் கற்களும் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார். அனுமதிக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரு வரிதான். அண்ணி பொறுமையாகத் தன் பெயரை எழுதினார்.

அனுமதி பங்குனியில் வந்துவிட்டது. கோடை முடிவதற்குள் சுவர் கட்ட வேண்டும் என்று ரங்கசாமி ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணி ஓடைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார் என்று கேள்வி. போனால் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறாராம்.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு: விண்ணப்பத்தில் வீட்டில் இன்னொருவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள், ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலிலிருந்து அலைய வேண்டாம். தாள்களின் நகல் இரண்டு செட் வீட்டிலும் இருக்கட்டும். ஆய்வுக்கு ஒரு வாரம் முன்பே இடத்தை நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். காட்டோர வீடுகளில் தங்கினால் டார்ச் இல்லாமல் வாசல்படி இறங்காதீர்கள்.

கோபிநத்தம் போகிற யாராவது இந்த ஓடையில் கால் நனைக்க இறங்கினால், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். பாசி வழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.