இரும்பு சொன்னதை மட்டும் சொன்னவர்

சண்முகநாதன் ஐயா காலமான செய்தி எனக்குப் பல மைல் தள்ளியிருக்கும் யட்டவத்தவிலிருந்து வந்தது. மாத்தளையில் அவருக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நான், ஒன்றும் அறியாமல் நீதிமன்றத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில், ஒரு பழைய வழக்கில் எங்கள் இருவரையும் அறிந்த ரிஸானா அழுதார். "சேர் மவுத்தாகிட்டாங்களாம். நீங்க இன்னும் வீட்டுக்குப் போகல்லயா?" அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தேன்.

ஐயாவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அரச சேவையில் துப்பாக்கிகளைப் பரிசோதிக்கும் நிபுணராக இருந்து, ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரான மாத்தளையில் தங்கிவிட்டவர். நீதிமன்றம் அழைத்தால் சாட்சி சொல்ல வருவார். வழக்கறிஞர்களான எங்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. வேண்டிய சொல் ஒன்றைக்கூட அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. "தம்பி, இரும்பு சொன்னதைத்தான் நான் சொல்லுவன். உங்கட கட்சிக்காரர் நல்லவரோ கெட்டவரோ எண்டு இரும்புக்குத் தெரியாது" என்பார். முதல் வழக்கிலேயே அவரிடம் மூக்குடைபட்டேன். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவர் வீட்டுக் கோப்பி என்னை மடக்கிவிட்டது.

ரிஸானாவின் வழக்கில்தான் அவரை முழுதாக அறிந்தேன். யட்டவத்தப் பக்கம் காட்டுப்பன்றி இறங்காத தோட்டமில்லை. ரிஸானாவின் வீட்டில் காவலுக்குத் துவக்கு என்று சொல்லும் வேட்டைத் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒரு மாலை, இருட்டும் நேரம், பன்றி வந்தது. அவருடைய அண்ணன் நவ்ஸாத் துவக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். கணவர் பாரூக் டோர்ச் அடித்தபடி பக்கத்தில் நின்றார். வெடித்தது. பன்றி ஓடிவிட்டது, பாரூக் விழுந்தார், எழவில்லை. மைத்துனர்கள் இருவருக்கும் வேலித் தகராறு இருந்ததை ஊரே அறியும். நவ்ஸாத் மீது கொலைக் குற்றம் வந்தது. அவருக்காக நான் ஆஜரானேன். வாய்க்கு வாய் "நானா" என்று அழைத்த அண்ணனை, ரிஸானா அன்றிலிருந்து "அந்தாளு" என்றார்.

ஐயா அந்தத் துவக்கைப் பார்த்தார். குழலின் வாய்க்குச் சற்று உள்ளே, இரையெடுத்த பாம்பின் வயிறு மாதிரி ஒரு வீக்கம். அங்கேதான் இரும்பு கிழிந்திருந்தது. நீதிமன்றத்தில் சிங்களத்தில் சொன்னதை, வெளியே விறாந்தையில் ரிஸானாவுக்காகத் தமிழில் திரும்பச் சொன்னார்.

"தங்கச்சி, கறுப்பு வெடிமருந்து திறந்த இடத்தில கிடந்தா புஸ் எண்டு எரிஞ்சு புகையாப் போயிடும். தோட்டாவுக்குள்ள அடைபட்டு எரியேக்கைதான் அமுக்கம். ஒவ்வொரு மணியும் வெளிப்பக்கத்தில இருந்து உள்ளுக்கு எரியும். வாயு பெருகும். போக இடமில்லாமல் ஈயக் குண்டுகளைத் தள்ளும். குண்டு ஓட ஓட வாயுவுக்கு இடம் கிடைக்கும், அமுக்கம் தணியும். வழியை ஏதும் மறிச்சா அந்த இடத்தில ஏறும், இரும்பு தாங்காது. உங்கட அவரில பட்டது குழலின்ர துண்டு. ஈயமில்லை. துவக்கு அவரைப் பாத்து நிக்கேல்லை."

"மறிச்சது என்ன சேர்?"

"துணி. ஆம்பிளையள் உடுக்கிற சாரம், கருகின துண்டு. நீலக் கட்டம்."

குளவி கூடு கட்டாமலிருக்கத் துவக்கின் வாயைப் பழந்துணியால் அடைப்பது அந்தப் பக்கத்து வீடுகளில் வழக்கம். சுடும்போது உருவிவிடுவார்கள். அன்று அவசரத்தில் யாரும் உருவவில்லை.

"அது எங்க மாப்பிளட சாரன். நான்தான் கிழிச்சு அடச்சேன். அப்ப அவர மவுத்தாக்கினது நான்தானே சேர்?"

இரும்புக்கு அது தெரியாது என்று ஐயா சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தார்.

"நீங்கள் குளவிக்கு அடைச்சனீங்கள். அண்ணன் பன்றிக்குச் சுட்டவர். வெளிச்சம் பிடிச்சவரும் குழலைப் பாக்கேல்லை. மூண்டு பேரும் அந்தத் தோட்டத்தைக் காப்பாத்தத்தான் நிண்டனீங்கள். இதை நான் இரும்பைப் பாத்துச் சொல்லேல்லை தங்கச்சி."

நவ்ஸாத் விடுதலையானார். ஆனால் துணியை உருவாத கை தன்னுடையது என்று அவர் தங்கை வீட்டுப் பக்கமே வரவில்லை. அடைத்த கை தன்னுடையது என்று ரிஸானாவும் போகவில்லை. ஐயாவின் யோசனைப்படி ரிஸானா சிவப்புத் துணியில் நீள வால் வைத்த அடைப்பான்கள் தைத்து ஊரில் கொடுத்தார். எந்த இருட்டிலும் கையில் தட்டுப்படும். மாத்தளைக்கு வரும்போதெல்லாம் ஐயாவைப் பார்ப்பார். ஐயா ஒன்றுதான் கேட்பார்: "அண்ணனோட கதைச்சனீங்களோ?" ரிஸானா தலையைக் குனிந்துகொள்வார். அவர் கோப்பி ஊற்றுவார்.

ஐயா காலமான அன்று மத்தியானம் ரிஸானா அவர் வீட்டுக்கு வந்தபோது அவருக்குப் பின்னால் நவ்ஸாத் நின்றார். செய்தி கேட்டதும் ரிஸானா முதலில் அண்ணனுக்குத்தான் தொலைபேசி எடுத்தாராம். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்திருந்தார்கள். ரிஸானா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஐயாவின் உடல் இருந்த பெட்டியின் அருகே போய், எப்போதும் பதில் சொல்லாத அந்தக் கேள்விக்கு மெதுவாகப் பதில் சொன்னார்.

"நானாவோட கதச்சிட்டேன் சேர்."

இனி நீங்கள் போகலாம், ஐயா.