இறந்தவர் போட்ட பில்

"ஏம்வே, சண்முகையா செத்து மூணு மாசமாச்சு. இன்னைக்குக் காலையில ரெண்டு பில் போட்டிருக்காரு. என்னவே இது?"

சங்கரன்கோவிலில் ஒரு நூல் கம்பெனிக்கு நான் சிஸ்டம் அட்மின். போனை எடுத்ததும் மேனேஜர் இப்படிக் கேட்டார். சண்முகையா அண்ணாச்சி எங்கள் குடோன் கிளார்க். ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம் மாரடைப்பில் போனவர். துட்டி விசாரிக்க நானும் போயிருந்தேன்.

லாகின் விவரத்தைப் பார்த்தேன். பெரிய எழுத்து, எண், குறியீடு, மாதம் ஒரு புது பாஸ்வேர்டு என்று தலைமை அலுவலகம் போட்ட விதிகள் அத்தனையையும் செத்தவர் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார்.

பில் போனது குடோனில் அவர் உட்கார்ந்த அதே கம்ப்யூட்டரிலிருந்து. அவர் போனபின் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை என்றார்கள். மதியம் நாங்கள் போனோம். மேனேஜர் வாசலோடு நின்றுவிட்டார்.

"நீரு போயிப் பாரும்வே. எனக்குத் தூசி ஆகாது."

நூல் மூட்டைகளுக்கு நடுவே இருட்டில் ஸ்கிரீன் எரிந்துகொண்டிருந்தது. மேலே 'வணக்கம் சண்முகையா'. சி.பி.யு.வைத் தொட்டேன், சூடாக இருந்தது. நாற்காலியைத் தொட மனம் வரவில்லை. அப்போது மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடும் சத்தம்.

"சார், நான்தான்."

பில்லிங் பிரிவு செல்வி. எங்கள் சத்தம் கேட்டு ஒளிந்திருக்கிறாள்.

அவளுடைய லாகின், பாஸ்வேர்டை மறந்து பல முறை தப்பாக அடித்ததில் ஆவணியிலேயே லாக் ஆகிவிட்டது. திறக்க மேனேஜர் கையெழுத்து வேண்டும். அவரோ, "பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு இனி யாராவது வந்தா, அப்படியே வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்" என்று மீட்டிங்கில் சொல்லியிருந்தார். செல்வி சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது.

அண்ணாச்சியின் பாஸ்வேர்டு ஆபீஸுக்கே தெரியும். மாதாமாதம் மாற்றச் சொல்லி உயிரை எடுத்ததால், தமிழ் மாதப் பெயரை இங்கிலீஷில் அடித்து @123 சேர்த்துவிடுவார். ஆடிக்குப் பிறகு ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று செல்வி தொடர்ந்திருக்கிறாள். மதியம் எல்லோரும் சாப்பிடும்போது இங்கே வந்து, தன் பில்களை அவர் பெயரில் ஏற்றியிருக்கிறாள். இன்று மட்டும் அவசர பில், காலையிலேயே வந்திருக்கிறாள்; அதுதான் மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டது.

செல்வி சொன்னதெல்லாம் வாசலில் நின்ற மேனேஜருக்கும் கேட்டது.

"இவளை அனுப்பினா, நாளைக்கு இன்னொருத்தி இங்கன வந்து உக்காருவா சார்" என்றேன்.

"இவ லாக்கை எடுத்துவிடும்வே" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

பாஸ்வேர்டு விதி எழுதப்போகும் இளைய அட்மின்களுக்குச் சொல்கிறேன்: எத்தனை குறியீடு வேண்டும் என்பதை அப்புறம் பார்க்கலாம். மறந்துபோன ஆள் யார் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதை முதலில் யோசியுங்கள்.

அண்ணாச்சி பெயரை சிஸ்டத்திலிருந்து நான் நீக்கும்போது செல்வி பக்கத்தில் நின்றாள். "செத்தவர் பேருல, இந்த இருட்டுல தனியா உக்காந்தியே, பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி பேருல இருக்கையில பயமே இல்ல சார். என் பேரை அடிக்கும்போதுதான் கை நடுங்கும்."