சரோஜா பாய்மரம் பழகிய மாதங்கள்

தீவில் நாங்கள் குடியிருந்த கராச்சர்மாவிலிருந்து அலுவலகம் போகும் பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முதுகின் நடுவே ஒரே இடத்தில் குத்தியது. சாயங்காலமானால் மெல்லிய காய்ச்சல். ஒரு மழைக்காலம் முழுவதும் தைலம் தேய்த்தே ஓட்டினேன். பிறகு கால்கள் மரத்துப்போயின.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "டி.பி.தான். நெஞ்சுல இல்ல, முதுகெலும்புல," என்றார். கிருமி எலும்பை அரித்துச் சீழ் வைத்திருந்தது. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து). கழுத்துக்குக் கீழே இடுப்புவரை மாவுக்கட்டு. புரளக்கூடாது.

உங்களுக்கும் இதே நோய் என்றால், ஒன்று சொல்கிறேன். வலி வருமென்று எல்லோரும் எச்சரிப்பார்கள். ஆத்திரம் வருமென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எனக்கு அது என் மனைவி சரோஜாவின் மேல் வந்தது. அவள் பள்ளியில் தேகப்பயிற்சி ஆசிரியை. மாணவிகளுக்குப் பாய்மரப் படகோட்டக் கற்றுத்தரப் பள்ளி முடிவு செய்தது. அதற்கு ஆசிரியை முதலில் பழக வேண்டும். கடற்படையில் ஓய்வுபெற்ற ஒருவர் பயிற்சியளித்தார். நான் படுக்கையில் விழுந்த பிறகுதான் அவள் பெயர் கொடுத்தாள்.

மாலையில் ஆஸ்பத்திரி வார்டுக்கு வருவாள். முகம் கறுத்து, உதடு உப்பில் வெடித்திருக்கும். கயிறு அறுத்த கையால் கஞ்சி ஊட்டுவாள். எனக்கு விழுங்கப் பிடிக்காது.

"தேக்கோ பாய், தும்ஹாரி பீவி ஜஹாஜ் சலாத்தி ஹை!" என்றார் பக்கத்துக் கட்டில் வங்காளி. உன் பெண்டாட்டி கப்பல் ஓட்டுகிறாள் என்று வார்டே சிரித்தது.

"நாளைக்குப் போகாதே," என்றேன்.

"போவேன்."

"புருஷன் செத்துக்கிட்டிருக்கான். உனக்கு விளையாட்டுக் கேக்குதா?"

கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். "நீங்க எழுந்திரிப்பீங்களான்னு டாக்டருக்கே தெரியல. இதப் பழகினாத்தான் என் வேலை நிலைக்கும். இல்லாட்டி மெயின்லேண்டுக்குப் போயி உங்க அண்ணன் வாசல்ல நிக்கணும். நிக்கட்டுமா?"

"அப்ப இங்க வராதே."

"சரி."

உண்மையாகவே வரவில்லை. அடுத்த வீட்டுக்காரரிடம் அவள் கொடுத்தனுப்பும் தூக்குப்பாத்திரம் மட்டும் வந்தது. கால் கட்டைவிரலில் மறுபடி உணர்ச்சி வந்த காலையில் அவளிடம்தான் சொல்லத் தோன்றியது. அதற்காகவும் அவளை வெறுத்தேன்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது டாக்டர், "ரெண்டு எலும்பு ஒண்ணாச் சேர்ந்துடுச்சு. நடக்கலாம், குனிய முடியாது," என்றார். வீட்டில் நாங்கள் அவசியத்துக்கு மட்டும் பேசிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னதான் செய்கிறாள் பார்க்கலாமென்று படகு கட்டும் ஜெட்டிக்குப் போனேன். எதிர்க்காற்றில் தனியாகப் படகைக் கொண்டுவந்து துறையில் அணைத்தாள்.

"ஏறுங்க."

பாய் பக்கம் மாறும்போது அதன் அடிக்கட்டை குறுக்கே வீசும். படகிலிருப்பவர்கள் தலையைத் தாழ்த்தியாக வேண்டும்.

"என்னால குனிய முடியாதே."

"தெரியும். படுங்க."

துறையில் நின்றிருந்த பயிற்சியாளர் அக்குளில் கைகொடுத்துப் படகில் இறக்கிவிட்டார். இனிப் பகலில் படுப்பதில்லை என்று சபதம் செய்திருந்தவன், ஈரப் பலகையில் மல்லாந்தேன். அவள் பாயைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. கட்டை என் மூக்குக்கு மேலே கடந்து போனது. பலகைக்கு அடியில் தண்ணீர் ஓடுவது முதுகில் தெரிந்தது, இறுகிப்போன அந்த இடத்திலும்.

எப்போது திரும்புவோம் என்று கேட்க வாயெடுத்தேன். எப்போது வீடு திரும்புவேன் என்பதுதான் வார்டில் நாளெல்லாம் நான் கேட்ட ஒரே கேள்வி. இப்போது கேட்கவில்லை.