டவர் பாறையில் திறந்த பக்கம்

சசிரேகாவுக்குக் கோபம் வந்தால் அரவேணு பஸ் முழுக்கத் தெரிந்துவிடும். சாரல் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கும் டூரிஸ்ட்டுகளோடு அவள் போடாத சண்டை இல்லை. வாய்க்காரி என்று பஸ்ஸில் பெயர். அவளுக்கு அதில் வருத்தமே கிடையாது. வாய் பிறகு எதற்குத்தான் இருக்கிறதாம்?

இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து திரும்பி வந்து, கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், குடியேறிய குடும்பம் அவளுடையது. அம்மா சின்னம்மை சிறுமியாகக் கப்பலேறி வந்தவள். இன்றும் கொழுந்து எடுக்கிறாள். அப்பா இல்லை. சசிரேகா ஊட்டியில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்து, கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் குப்பை கொட்டினாள். அந்த ஊர் வெயிலும் ஒத்துவரவில்லை, அந்த மேனேஜரும் ஒத்துவரவில்லை. இப்போது குன்னூரில் ஒரு பேக்கரி மாடியில் வேலை. ஹோம்ஸ்டேக்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. வார நாளெல்லாம் குன்னூரில் ரூம், சனிக்கிழமையானால் லயம். முதலாளி கீர்த்திவாசன் நல்ல மனுஷர்தான். ஆனால் ஜோடனைப் பைத்தியம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏதாவது பறக்க வேண்டும், சுழல வேண்டும், மின்ன வேண்டும்.

சசிரேகா அதற்கு நேர் எதிர். வெப்சைட் எழுதும் எச்.டி.எம்.எல்.லில் பொத்தானுக்கென்றே ஒரு குறி இருக்கிறது. தட்டினால் விரிந்து, மறுபடி தட்டினால் மூடிக்கொள்ளும் பெட்டிக்குக்கூட ஒன்று இருக்கிறது. எவ்வளவு மட்டமான போனாக இருந்தாலும் அவற்றைப் பார்த்த உடனே புரிந்துகொள்ளும். ஆபீஸில் மற்றவர்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். வெறும் கட்டம் ஒன்றை வரைந்து, வண்ணம் பூசி, பின்னால் முழ நீளத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதி, அதைப் பொத்தான் மாதிரி நடிக்க வைப்பார்கள்.

"பொத்தான்னு ஒண்ணு இருக்கறப்ப எதுக்குங்க சார் இந்த வேஷம்?" என்று கேட்பாள்.

"அது பாக்க எடுப்பா இல்லீங்மா" என்பார் கீர்த்திவாசன். பேச்சு அதோடு முடிந்துவிடும். டாக்டர் வேன் விஷயத்தில்தான் முடியாமல் போனது.

ஓர் அறக்கட்டளை எஸ்டேட் எஸ்டேட்டாக டாக்டர் வேன் அனுப்பிவந்தது. எஸ்டேட்டின் எந்தப் பகுதிக்கு, அதாவது எந்த டிவிஷனுக்கு, என்றைக்கு எந்த டாக்டர் என்று சொல்லும் வெப்சைட்டைக் கீர்த்திவாசன்தான் செய்து கொடுத்திருந்தார். சசிரேகா வேலைக்குச் சேருவதற்கு முன்பே செய்தது.

சின்னம்மைக்கு இரண்டு கண்ணிலும் புரை. கொழுந்து எது, முத்தல் இலை எது என்று தெரியாமல் கை தடுமாறியது. சூப்பர்வைசர் அவள் கூடையைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டான். கொழுந்து எடுக்க முடியாதவளுக்கு எஸ்டேட்டில் வேலை இல்லை. வேலை இல்லாதவளுக்கு லயத்தில் வீடும் இல்லை. கண் டாக்டர் வேனை நம்பித்தான் அவள் இருந்தாள்.

லயத்தில் சிக்னல் துளியும் கிடையாது. மேலே, கடைசித் தேயிலை வரிசையைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு பாறை இருக்கிறது. அங்கே மட்டும் கிடைக்கும். டவர் பாறை என்றே அதற்குப் பெயர். சாயங்காலம் இலை எடை போட்ட பிறகு யாராவது ஒருத்தி அக்கம்பக்கத்து வீட்டு போன்களையெல்லாம் கூடையில் போட்டுக்கொண்டு ஏறுவாள். வேண்டிய பக்கத்தை ஒவ்வொன்றிலும் திறந்து, முழுசாக வரும்வரை நின்று, அப்படியே கீழே கொண்டுவந்து வீட்டுக்கு வீடு கொடுப்பாள். "பேக் பட்டன யாரும் தொட்றாதீங்கடி!" என்று கத்திவிட்டுத்தான் கொடுப்பாள். தொட்டால் போச்சு, மறுபடி மலையேற வேண்டும்.

அப்படிக் கீழே வந்த போனில்தான் சின்னம்மை 'கண் டாக்டர்' என்ற கட்டத்தைத் தட்டினாள். அந்தக் கட்டமோ, தட்டிய பிறகுதான் தேதியைத் தேடி இன்டர்நெட்டுக்கு ஓடும் ரகம். லயத்தில் எங்கே போய் ஓடும்? வட்டம் சுழன்றது, சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. முன்பக்கத்தில் ஏதோ பொடி எழுத்து இருந்தது. இரண்டு விரலை வைத்து விரித்தாள். பெரிதாகவில்லை. டிசைன் கலைந்துவிடும் என்று கீர்த்திவாசன் அதைப் பூட்டி வைத்திருந்தார். வேன் புதன்கிழமைக்கு மாறிவிட்டது என்ற அந்த அறிவிப்பு அவளுக்குத் தெரியவே இல்லை. வழக்கம்போல வெள்ளிக்கிழமை லீவு போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, ரோட்டோரம் மத்தியானம் வரை நின்றுவிட்டுத் திரும்பினாள்.

சனிக்கிழமை விஷயம் தெரிந்ததும் சசிரேகாவுக்கு உச்சிமுதல் பாதம்வரை பற்றிக்கொண்டு வந்தது. "எங்கிட்டச் சொல்லக்கூடாதா? நான் பாத்துச் சொல்லியிருப்பேன்ல?"

"எப்பிடி வந்து சொல்லுவ? லயத்துக்கு போன் வருதா?" என்றாள் சின்னம்மை. "அதோட, நீ பாத்துச் சொல்லி நான் போகணுமாக்கும்? என் போன்ல எனக்குத் தெரியணும் புள்ள."

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டவர் பாறையில் போய் உட்கார்ந்தாள் சசிரேகா. ஒரே பக்கம். எல்லாத் தேதியும் அதற்குள்ளேயே. தட்டினால் விரியும் பெட்டி, அதுவும் எச்.டி.எம்.எல். தருகிற பெட்டி. ஸ்கிரிப்ட் ஒரு வரி கிடையாது. போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தால் பக்கத்திலும் பெரிதாகவே வரும். எழுத்தின் கொம்பும் சுழியும் வெட்டுப்படாதபடி வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டாள். எழுத்தை விரிக்க விடாத அந்தப் பூட்டை முதல் வேலையாகவே தூக்கிக் கடாசியிருந்தாள்.

அந்தப் பக்கத்தை அம்மாவின் போனில் திறந்து, கீழே கொண்டுவந்து நீட்டினாள். சின்னம்மை கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கன தட்டுறது?" என்றாள்.

அட! விரியும் பெட்டிக்கு முன்னால் போன் தானாகவே ஒரு சின்ன முக்கோணம் போட்டுக் காட்டும். பார்க்க லட்சணமாக இல்லை என்று சசிரேகாதான் ஸ்டைல் வரி ஒன்று எழுதி அதை மறைத்திருந்தாள். "எனக்கும் அந்த ஆளு புத்தி தொத்திக்கிச்சா?" என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி பாறைக்கு ஏறி, அந்த வரியை அழித்தாள். இந்தத் தடவை சின்னம்மை முக்கோணத்தைத் தட்டினாள். பெட்டி விரிந்தது. கண் டாக்டர் அடுத்து வரும் கிழமை தெரிந்தது.

அந்த வாரமே அறக்கட்டளையிலிருந்து ஜுலைகா ஆபீசுக்கு வந்தார். வேனோடு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகிறவர் அவர். சைட்டைப் புதுப்பிப்பது பற்றிப் பேச்சு. கீர்த்திவாசன் பெரிய டி.வி.யில் புது டிசைனைப் போட்டுக் காட்டினார். திரையில் மூடுபனி நகர்ந்தது, பச்சை இலைகள் மிதந்து இறங்கின.

"சினிமாவாட்டம் இருக்குதுங்க" என்றார் ஜுலைகா.

சசிரேகா தன் இடத்திலிருந்து எழுந்து வந்தாள். "அக்கா, டி.வி.யில ஓடுற இத உங்க போன்ல திறங்க. நான் எழுதினதையும் பக்கத்துல திறந்து வச்சுக்குங்க." இரண்டும் திறந்ததும் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். "போன் டேட்டாவையும் நிறுத்திருங்க. இப்ப நீங்க எங்க லயத்துல இருக்கீங்க. கண் டாக்டர் என்னைக்கு வர்றாருன்னு பாருங்க."

"ஏனுங்மா, என்ன இது? கிளையண்ட் முன்னால!" கீர்த்திவாசனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பிளக்க மாட்டுங்க."

"மாட்ட மாட்டேனுங்க சார். அக்கா பாத்து முடிக்கட்டும்."

ஜுலைகா தட்டினார். வட்டம் சுழன்றது. இன்னொன்றைத் தட்டினார்; பெட்டி விரிந்து தேதி வந்தது. "போன தடவ உங்க பக்கம் வேன் பாதி காலியாத் திரும்புச்சு. ஜனங்களுக்கு அக்கறை இல்லைன்னு நானே மேல சொல்லிட்டேன்."

"அக்கறை இல்லாம இல்லீங்க்கா. எங்கம்மா நல்ல சேலை கட்டிட்டு ரோட்டுல நின்னாங்க. வேற கிழமையில நின்னாங்க."

"எனக்கு இதே போதுங்க" என்றார் ஜுலைகா, தேதி வந்த பக்கத்தைக் காட்டி.

அவர் போன பிறகு கீர்த்திவாசன் வெடித்தார். "நீங்க எழுதுனது பேப்பருக்குள்ள வச்சு வர்ற நோட்டீசாட்டம் இருக்குது. எங்க கம்பெனி பேரு அதுல வரவே கூடாது. நாளைல இருந்து நீங்களும் வர வேண்டாம்!"

"கம்பெனி பேரு வேண்டாங்க. என் பேரப் போட்டுக்கறேன்."

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து, மப்ளரைக் கழற்றிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வர வேண்டாம்னு சொன்னேனுங்களே?"

"நேத்து கோவத்துல சொன்னீங்க சார். இன்னைக்குச் சொல்லுங்க, எந்திரிச்சுப் போறேன்."

கீர்த்திவாசன் ஜன்னலைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார். பிறகு, ஒரு ஹோம்ஸ்டே சைட்டில் மெனு திறக்க மாட்டேன் என்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்றார். அவளும் பார்த்தாள். பொத்தான் வேஷம் போட்ட கட்டம்தான். தூக்கிவிட்டு நிஜப் பொத்தானை வைத்தாள். மெனு திறந்தது.

அடுத்த தடவை கண் டாக்டர் வேன் வந்தபோது லயமே திரண்டு நின்றது. சின்னம்மைக்கு ஒரு கண்ணில் முதலில் ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்துச் சில நாள் கழித்து, பாறையிலிருந்து வந்த போனை வாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். அடுத்த கண்ணுக்கு என்றைக்கு வேன் என்று பார்த்தாள். பார்த்துவிட்டு விரலால் தள்ளிக்கொண்டே பக்கத்தின் அடிவரைக்கும் போனாள். அங்கே சின்னதாக ஒரு வரி இருந்தது: எழுதியவர், லயத்துச் சின்னம்மை மகள் சசிரேகா.

"என்னா புள்ள, ஊருக்கெல்லாம் பெருசு பெருசாப் போட்டுட்டு எம் பேர இத்தனூண்டா போட்டிருக்க?" என்றாள். மகள் பதில் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. இரண்டு விரலை வைத்து விரித்தாள். பெயர் பெரிதாகியது. இன்னும் விரித்தாள். இன்னும் பெரிதாகியது.