பாஸ் மண்டியிட்ட காலை

எங்கள் பாஸ் ஒரே வருடத்தில் மூன்று விதமான தலைவராக இருந்தார். அவர் போகும் சர்ச்சில் அந்தச் சமயத்தில் என்ன கருத்தரங்கு நடக்கிறதோ, அதைப் பொறுத்தது. முதலில் மேய்ப்பரானார், எங்களை மந்தை என்றார். பிறகு எஜமானின் சொத்தைக் காக்கும் உக்கிராணக்காரராக மாறி, ஏர்கான் ரிமோட்டைப் பூட்டி வைத்தார். கடைசியாகப் பணிவிடைக்காரர்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். ஏர்கான் சர்வீஸ் செய்யும் சின்னக் கம்பெனி. போன், கணக்கு, வேலையாட்களின் ஒர்க் பெர்மிட் எல்லாம் என் தலையில். நானும் கிறிஸ்தவள்தான், ஜெபிக்காத நாளில்லை. ஆனால் ஜெபித்துக்கொண்டே வேலையையும் பார்க்கலாம் என்பது என் கட்சி.

வேலையாட்களில் மன்னார்குடிக்காரர் ஒருவருக்கு அந்த மாதக் கடைசியோடு பெர்மிட் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தினமும் வேனில் ஏறும் முன் என்னிடம் வந்து விசாரிப்பார். நான் பாஸிடம் கேட்பேன். பாஸ் கண்ணை மூடி, ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்வதாகச் சொல்வார்.

பெரிய வியாழன் காலை, பாஸ் இடுப்பில் துண்டும் கையில் தண்ணீர் பேசினுமாக வந்தார். ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவினாரே, தலைவன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வந்த என் காலும் வலிக்கத்தான் செய்தது. பெண் என்பதால் என்னை விட்டுவிட்டாராம்.

வேலையாட்களை வரிசையாக உட்காரவைத்தார். முதல் நாற்காலியில் மன்னார்குடிக்காரர். பாஸ் கையை நனைத்துக்கொண்டு, மண்டியிட்டு, அவர் பூட்ஸைத் தொட்டதுதான் தாமதம், மனிதர் சட்டென்று எழுந்துவிட்டார். நம் ஆட்களிடம் பெரியவர் சின்னவர் காலைத் தொட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஏதோ பெரிய அநியாயம் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார். மற்றவர்கள் வாசலைப் பார்த்தார்கள்.

"என்னைய ஊருக்கு அனுப்பப் போறீங்களா பாஸ்?"

பாஸ் பதறிவிட்டார். இது அன்பு தம்பி, உட்காருங்கள் என்று கெஞ்சாத குறை.

"கால் சுத்தமாத்தான் இருக்கு பாஸ். பெர்மிட் போட்டுட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

பாஸ் என்னைப் பார்த்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"இன்னும் ஜெபத்துலதான் பாஸ் இருக்கு" என்றேன்.

பாஸின் முகம் சிவந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடுப்புத் துண்டோடு என் கணினி முன்னால் வந்து உட்கார்ந்து, பெர்மிட் விண்ணப்பத்தில் நான் காட்டிய இடத்தில் ஈரக்கையால் அழுத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை.

மன்னார்குடிக்காரர் திரையை எட்டிப் பார்த்தார். போய்ச் சேர்ந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார். சேர்ந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகுதான் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பூட்ஸையும் காலுறையையும் தானே கழற்றினார். இரண்டு காலையும் பேசினுக்குள் வைத்தார்.

"இப்பக் கழுவுங்க பாஸ்."