இரவல் கோபம்

காலையிலிருந்து அந்தக் குக்கர் மூடியை அவள் தேய்ப்பது அது மூன்றாவது தடவை. இரண்டாவது தடவையே அதில் அழுக்கு இல்லை. தேய்த்துக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வாஷிங் மெஷின் பக்கம் போய் நின்றாள். நின்றுகொண்டுதான் எழுதுவாள், மெஷின் மூடிதான் மேசை. மூடிமேல் நாலு தாள், ஒரு பென்சில். முதல் தாளின் தலையில் 'காட்சி 14. கூடம். பகல். நாத்தி பெட்டியுடன் வருகிறாள்' என்று மட்டும் இருந்தது. அந்த நாத்தி மூன்று நாளாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நிற்கிறாள். பாவம், கை வலித்திருக்கும்.

தெருவில் அவளுக்கு வசனக்காரி என்று பெயர். மாலை நேரத் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பதினோரு வருஷமாக வசனம் எழுதுகிறாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அதற்கு முன்னால் படப்பிடிப்பு வீட்டில் நடிகைகளின் உடுப்புக்குக் கொக்கி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மாமியாராக நடித்த அம்மாள், "மருமகளே, உன் செயல் என் உள்ளத்தைப் புண்படுத்திவிட்டது" என்று ஏழு தடவை சொல்லியும் இயக்குநருக்குத் திருப்தி வரவில்லை. ஊசியும் நூலுமாக மூலையில் இருந்தவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க சின்ன மாமியார் இப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்க. 'நீ ஒரு தப்பும் பண்ணலம்மா, உன்னைப் பாத்துக் கூட்டிட்டு வந்த என் கண்ணுலதான் கோளாறு'ன்னுவாங்க" என்றாள். விளக்குப் பிடிப்பவர்கூடச் சிரித்துவிட்டார். மறு வாரம் கொக்கி போய்க் கைக்குப் பென்சில் வந்தது.

கற்பனை என்று ஒன்று தனக்குக் கிடையாது என்று அவளே சொல்வாள். "எனக்கு என்ன தெரியும்? காதுல விழுந்ததைக் கையில விடுறேன், அவ்வளவுதான்." விழுந்தது கொஞ்சநஞ்சமில்லை. வீடு பாகம் பிரித்த அன்று பெரியப்பா மகள் வாசலில் நின்று சொன்னது, ஓரகத்தியின் தம்பி மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் முணுமுணுத்தது, பேச்சு நின்று பதினெட்டு வருஷமான சித்தி கடைசியாகப் பேசிய வார்த்தை, எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். அன்றைக்கு என்ன கிழமை, பக்கத்தில் யார் நின்றார்கள், அடுப்பில் என்ன கொதித்தது என்பது வரைக்கும் சொல்வாள். ஆனால் ஒரு வார்த்தையைத் தொடரில் ஒரு தடவை போட்டுவிட்டால் அது தீர்ந்தது, மறுபடி போட முடியாது. பதினோரு வருஷத்தில் பிறந்த வீட்டு வழி, புகுந்த வீட்டு வழி, சம்பந்தி வழி எல்லாம் வற்றிப்போய்விட்டன. வற்றாமல் இருந்தது நாத்தனார் ஒருத்திதான்.

நாத்தனார் என்பவள் கணவனுக்கு மூத்தவள். மூன்று தெரு தள்ளி இருக்கிறாள், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கடைக்கு வியாழக்கிழமை விடுமுறை, அன்றைக்குத் தம்பி வீட்டுக்கு வருவாள். காலைச் செருப்பிலிருந்து எடுப்பதற்கு முன்பே வாய் உள்ளே வந்துவிடும். "உன் வீட்டுக் கதவு திறந்துதான் கிடக்கு, முகத்தைத்தான் பூட்டி வச்சிருக்க." "நீ நல்லவதான், யாரு இல்லைன்னா? அதை நாளைக்கு நாலு தடவை எனக்கு ஞாபகப்படுத்தாம இரு." இப்படி ஒன்று விழுந்ததும் வசனக்காரி, "அண்ணி, ஒரே நிமிஷம்" என்று குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு எழுதிக்கொள்வாள். ஒரு வியாழக்கிழமைக்கு ஆறு ஏழு தடவை போக வேண்டிவரும். "உன் பொண்டாட்டிக்குச் சர்க்கரை இருக்கும்போல, கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்று நாத்தனார் தம்பியிடம் கவலையாகச் சொல்லியிருக்கிறாள்.

மாமியார் போய் நாலு மாதம் ஆகிறது. போன அன்று, எல்லாரும் கலைந்த பிறகு, நாத்தனார் அடுப்படியில் வந்து நின்றாள். அவள் குரல் இறங்கி யாரும் கேட்டதில்லை, அன்றைக்கு இறங்கியிருந்தது. "அம்மா இருந்தவரைக்கும் இது என் வீடு. இனிமே மணி அடிச்சுட்டுத்தான் உள்ள வரணும், இல்ல?" என்றாள். வசனக்காரி அதையும் எழுதிக்கொண்டாள். எழுதியதை இரண்டரை மாதம் தொடாமல் வைத்திருந்து, ஒரு நாள் அவசரத்துக்கு எடுத்துத் தொடரில் வரும் நாத்தி வாயில் வைத்துவிட்டாள். அந்த நாத்தி யார் தெரியுமா? மருந்துப் புட்டியை மாற்றி வைக்கிறவள், தபாலைப் பிரித்துப் படிக்கிறவள். அவள் அந்த வார்த்தையைச் சொல்லி அழுதுவிட்டு, அப்படியே கேமரா பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினாள்.

நாத்தனார் கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். கூட நாலு வாடிக்கையாளர்களும் பார்த்தார்கள்.

சண்டைக்கு வந்திருந்தால் வசனக்காரி பிழைத்திருப்பாள். நாத்தனார் வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை வந்து மணி அடித்தாள். திறந்ததும், "நல்லா இருக்கீங்களா?" என்றாள். உட்காரச் சொன்ன பிறகு உட்கார்ந்தாள். காபியைக் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிக் கிளம்பினாள். ஆறு வாரமாக இதே மரியாதை. சேதி சொந்தபந்தத்துக்குள் பரவி, எல்லாரும் அவளிடம் அறிவிப்புப் பலகை மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "உன்கிட்ட பேசணும்னா பக்கத்துல ஒரு வக்கீலை உக்கார வச்சுக்கணும்" என்று ஓரகத்தி போனில் சொன்னாள். அந்த ஒரு வரியை வைத்து வசனக்காரி ஒரு காட்சியை ஓட்டினாள். அதோடு சரி. ஓரகத்தியும் அதற்கப்புறம் நலம் மட்டும் விசாரிக்கிறாள்.

எழுத்து நின்றதும் கால் நிற்கவில்லை. மடித்த துணியைப் பிரித்து மடித்தாள். அலமாரியில் டப்பாக்களை உயரவாரியாக வைத்தாள், பிறகு அகலவாரியாக வைத்தாள். பென்சிலைச் சீவிச் சீவி அது விரலுக்குள் அடங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. மாடிப்படியில் ஏறி, எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்கினாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன பெட்டிக்குள் இருக்கிறவர்களோடு வெளியே நின்று பொறுமையாகப் பேசியே பழகிய மனுஷர், குரல் ஏறாது. அவள் படும் பாட்டைப் பார்த்து, அன்று காலை தானாகவே சண்டைக்கு முன்வந்தார்.

"என்ன சமையல் இது? உப்பே இல்ல" என்றார்.

"இருக்கே. நல்லா பாருங்க."

இன்னொரு வாய் வைத்துப் பார்த்தார். "ஆமா, இருக்கு."

"இப்படித்தான் சண்டை போடுவாங்களா? தட்டைத் தள்ளிட்டு எந்திரிக்க வேண்டாமா?"

"பசிக்குதேம்மா" என்றார். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

பன்னிரண்டு மணிக்குத் தயாரிப்பு மேனேஜர் கூப்பிட்டார். "அக்கா, நாளைக்குக் காலைல பதினாலாவது காட்சி. நடிகைங்க ரெண்டு பேருக்கும் தேதி வாங்கியாச்சு. மூணு மணிக்குள்ள கையில வரலைன்னா வேற ஆளை வச்சு எழுதிக்கச் சொல்றாரு டைரக்டர்."

"இந்தக் காட்சியை மட்டுமா?"

"மூணு மணிக்குள்ள அனுப்பிடுங்கக்கா" என்றார்.

போனை வைத்துவிட்டு அவள் கையைப் பார்த்தாள். கொக்கி வேலைக்குத் திரும்பலாம் என்றால், ஊசியில் நூல் கோத்து மூன்று வருஷம் ஆகிறது, கண் தெரியவில்லை. பென்சில் துண்டைக் கொண்டையில் செருகிக்கொண்டு, வாசல் கதவைச் சாத்திவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். தெருமுனை திரும்பும்போதே திட்டம் தயார். வலியப் போய் நாத்தனாரைச் சீண்டுவது. நாலு வார்த்தை கொட்டினால் போதும், காட்சி முடிந்துவிடும்.

கடையில் இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. தாள் சூடாகும் வாசனை. நாத்தனார் ஒரு மாணவியின் சான்றிதழைக் கண்ணாடிமேல் கோணாமல் வைத்து, மூடியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றாள்.

"கடை ஏன் இப்படிக் குப்பையா கிடக்கு, அண்ணி?"

"கூட்டிடறேங்க."

"உங்க தம்பி உங்களைப் பத்தி ஒண்ணு சொன்னாரு."

"தம்பிதான, சொல்லட்டும்."

"போன தடவை நீங்க போட்டுட்டு வந்த புது டிரஸ் உங்களுக்குக் கொஞ்சம்கூட எடுபடல."

"எடுபடாதுதான், வயசாச்சு இல்லீங்களா." நாத்தனார் சான்றிதழை உறையில் போட்டு மாணவியிடம் கொடுத்தாள். "பாத்துப் பத்திரமா வச்சுக்கம்மா."

வசனக்காரிக்கு மூச்சு வாங்கியது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே முக்கால். தாள் கட்டுகள் அடுக்கியிருந்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "என்னால எழுத முடியல, அண்ணி. மூணு நாளா ஒரு வரி வரல. மூணு மணிக்கு மேல என்னை வேலையை விட்டு எடுத்துருவாங்க" என்றாள்.

நாத்தனார் திரும்பவில்லை. ஓடுகிற மெஷினை நிறுத்தினாள். அப்புறம் இன்னொன்றையும் நிறுத்தினாள்.

"அதுக்கு இங்க எதுக்கு வந்த? என் வாய் என்ன உன் வீட்டுக் குழாயா, திருகினதும் கொட்டுறதுக்கு? இத்தனை வருஷம் கொட்டுனதைக் குடம் குடமா பிடிச்சுட்டுப் போய் வித்தியே, நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? சிரிச்சுட்டுத்தான இருந்தேன்? என் அம்மா போன அன்னிக்கு நான் அழுததையும் கொண்டுபோய் ஒரு களவாணிச் சிறுக்கி வாயில வச்ச. அதையாவது அவ ஒழுங்கா சொன்னாளா? கண்ணைச் சிமிட்டுறா. அப்ப நான் உன் அடுப்படியில நின்னு நடிச்சேனா? சொல்லு."

ஆறு வாரத்து வறட்சிக்குப் பிறகு வந்த மழை அது. வசனக்காரியின் கை, அவளைக் கேட்காமலே, கொண்டைக்குப் போய்ப் பென்சிலைத் தொட்டது. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள்.

"எழுதிக்கோ. பாத்ரூம் பின்பக்கம் இருக்கு."

வசனக்காரியின் கை அந்தரத்தில் நின்றது.

"சர்க்கரையாம் சர்க்கரை. நீ எழுதத்தான் உள்ள ஓடுறேன்னு தெரியாம கவலைப்பட்டேன் பாரு" என்றாள் நாத்தனார். பிறகு குரல் தணிந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு நான் கேட்டேன்ல, மணி அடிச்சுட்டுத்தான் வரணுமான்னு? அதுக்கு நீ என்ன பதில் சொன்ன? உனக்குத்தான் எல்லாருடைய பேச்சும் ஞாபகம் இருக்குமே."

வசனக்காரி தேடினாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெளியே தூறல். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அடுப்பில் வெந்நீர். நாத்தனார் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். எல்லாம் இருந்தது. தன் வார்த்தையை மட்டும் காணவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போய்த் தேடினாள். அங்கே ஒரு தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"நான் ஒண்ணும் சொல்லல, அண்ணி" என்றாள். "பாத்ரூமுக்குப் போனேன்."

வாசலில் ஒருவர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வந்தார். "இப்ப இல்லைங்க, அஞ்சு நிமிஷம்" என்று நாத்தனார் அவரை வெளியே நிற்க வைத்தாள்.

வசனக்காரி காலடியில் கிடந்த வீணான தாள்களில் ஒன்றை எடுத்தாள். யாருடைய வாடகை ஒப்பந்தமோ, பாதி கறுப்பாக விழுந்திருந்தது. அதைத் திருப்பி மடிமேல் வைத்தாள். பதினோரு வருஷத்தில் உட்கார்ந்து எழுதுவது அதுதான் முதல் தடவை. நாத்தி பெட்டியைக் கீழே வைக்கிறாள் என்று எழுதினாள். அந்தக் கேள்வியை மறுபடி நாத்தி வாயில் வைத்தாள், சிமிட்டல் இல்லை. அதற்குக் கீழே 'மருமகள்' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்துவிட்டு நின்றாள். இத்தனை வருஷமாக அவள் எழுதிய மருமகள்கள் அந்த இடத்தில் வந்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுவார்கள், காட்சி முடிந்துவிடும். யாருக்கும் பதில் எழுத வேண்டி வந்ததே இல்லை. இரண்டு தடவை எழுதி அடித்தாள். ஒரு தடவை எழுந்து கடைக்குள்ளேயே நாலு எட்டு நடந்தாள். நாத்தனார் மெஷின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். வெளியே நின்றவர் ஒரு தடவை இருமினார்.

பிறகு கை ஓட ஆரம்பித்தது. தாளின் அடிவரைக்கும் போய், இன்னொன்றை எடுத்து, அதன் பாதியில் நின்றது. இரண்டரை மணி. வசனக்காரி இரண்டு தாளையும் வழக்கம்போலப் போனில் படம் எடுத்து அனுப்பவில்லை. கொண்டுபோய் நாத்தனார் முன்னால் மேசையில் வைத்தாள்.

நாத்தனார் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி, விரல் வைத்துப் படித்தாள். மருமகள் பேசுகிற இடத்தில் விரல் நின்றது. 'அன்னிக்கே உங்களுக்குச் சாவி ஒண்ணு தரணும்னு தோணுச்சு. தந்தா தினமும் வந்துருவீங்களேன்னு பயமா இருந்துச்சு. அதான் பதில் சொல்லாம ஓடிட்டேன்' என்று இருந்தது.

"நிஜமாவா?"

"நிஜம்தான், அண்ணி."

"தினமும் யாரு வர்றா? அப்புறம் கடையை உங்க அப்பாவா வந்து பாப்பாரு?" நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, வேறு எதையாவது அடக்கினாளா என்று தெரியவில்லை. மீதியையும் படித்தாள். நாத்தி கடைசியில் பேசுகிற இரண்டு வரிக்கு வந்ததும் கையை நீட்டிப் பென்சிலைக் கேட்டாள். முதல் வரியை அடித்தாள். "இவ்வளவு சீக்கிரம் சமாதானமாக நான் என்ன பைத்தியமா?" என்று சொல்லிக்கொண்டே, அந்த இடத்தில் தானே ஒரு வரி எழுதினாள்.

அப்புறம் மெஷினைப் போட்டாள். இரண்டு தாளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடிமேல் வைத்து, வெளிச்சம் போய்த் திரும்பும்வரை மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சூடாக வந்து விழுந்த நகலை வசனக்காரியின் கையில் கொடுத்தாள். பென்சில் எழுத்து இருந்த இரண்டு தாளையும் மடிக்காமல் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வெளியே நின்றவரின் அடையாள அட்டைக்குக் கை நீட்டினாள்.